நடுவர் பிழையும் அதன் திருத்தமும்: அஸ்கிரிய மைதானத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆராய்வு

தீர்ப்பு வழங்குவோர் மனிதராயிருக்கும் வரை தீர்ப்பிற் பிழை நேர்வது இயல்பே. ஆதலின், பிழை நேருமா என்பது ஆராயத்தக்க வினாவன்று. நேர்ந்த பிழையை எவர், எப்பொழுது, எம்முறையால் திருத்தலாம் என்பதே ஆராயத்தக்கது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்புப் பிழையானதென உணர்ந்த வேளையில் அதனை மாற்றுதற்கு வழியொன்றும் எஞ்சியிருக்கவில்லை. கோவலன் உயிர் முன்னரே போயிற்று. மன்னனும் தன் உயிரைக் கொடுத்தே நடுவுநிலையை நிலைநாட்ட நேர்ந்தது. இத்தகைய இடர் நேராதிருத்தற்பொருட்டே நீதிமன்றங்களில் மேன்முறையீடு என்னும் ஏற்பாடு உண்டாயிற்று. ஆனால், விளையாட்டு மைதானத்தின் நிலைமை வேறு. அங்கே அடுத்த பந்து வீசப்படுதற்கு முன் தீர்ப்பு வேண்டும். பொழுது சாய்தற்கு முன் ஆட்டம் முடிதல் வேண்டும். விரைவும் நேர்மையும் ஒன்றையொன்று நெருக்கும் அவ்விடத்தில் பிழைதிருத்தம் எங்ஙனம் இயலும்?

இவ்வினாவுக்கு உலகம் விடை தேடிய வரலாற்றில் நம் கண்டி மாநகருக்கும் ஓரிடம் உண்டு. கிரிக்கெட் ஆட்டத்திலே நடுவர் பிழையின் கொடுமையைக் கண்கூடாகக் காட்டிய ஒரு போட்டி இந்நகரின் அஸ்கிரிய மைதானத்தில் நிகழ்ந்தது. நடுவரின் கண்ணால் ஐயுறப்பட்டு, அளவைக் கருவியால் நியாயம் பெற்ற ஒரு பந்துவீச்சாளரும் இந்நகரிற் பிறந்தவரே. இவ்விரண்டையும் நடுவாக வைத்துப் பிழைதிருத்தத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

முதலில் நடுவர் அதிகாரத்தின் தோற்றத்தை அறிதல் வேண்டும். கிரிக்கெட் ஆட்டத்துக்கு எழுத்து வடிவிலான விதிகள் 1744ஆம் ஆண்டிலே இலண்டனில் வகுக்கப்பட்டன. தத்தம் பக்கத்து விக்கெட்டில் நிகழ்வனவற்றுக்கு அவ்வப் பக்கத்து நடுவரே தனித் தீர்ப்பாளர் என்றும், அவர் முடிவே முற்றான முடிவென்றும் அவ்விதிகள் கூறின. அதனோடு மற்றொரு கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது: ஆட்டக்காரர் எவரேனும் முறையிட்டாலன்றி நடுவர் ஒருவரை ஆட்டமிழந்தாரெனக் கூறுதல் ஆகாது. கேட்டாலன்றித் தீர்ப்பில்லை, தீர்ப்புக்கு மேல் கேள்வியில்லை. இவ்விரண்டு தூண்களின்மீதே கிரிக்கெட் நீதி இருநூறாண்டுகளுக்கும் மேலாக நின்றது.

முடிவு முற்றானதாயினும், அதனைத் திருத்தும் வாயில் அடியோடு அடைக்கப்பட்டிருந்தது என எண்ணுதல் பொருந்தாது. நடுவர் தம் முடிவை உடனடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இடமளிக்கின்றது. 'உடனடியாக' என்னும் சொல்லிலே அவ்விதியின் உயிர் இருக்கின்றது. விரலை உயர்த்திய நடுவர், துணை நடுவரிடம் கேட்டோ தாமே தெளிந்தோ அக்கணமே விரலைத் தாழ்த்தலாம்; அடுத்த ஓவர் வீசப்பட்ட பின் தாழ்த்த இயலாது. இதற்கு மறுதலையாக, திருத்தவே கூடாதெனச் சில பிழைகளை விதியே விலக்கி வைத்திருக்கின்றது. நடுவர் பந்துகளை எண்ணுகையில் தவறி, ஆறுக்குப் பதிலாக ஐந்து பந்துகளோடு ஓவரை முடித்துவிட்டால், அவர் எண்ணியவாறே அந்த ஓவர் நிலைபெறும். குறைந்த ஒரு பந்தைப் பின்னர் வீசுவிக்க எவருக்கும் உரிமையில்லை. சிறு பிழையொன்றைத் திருத்தப்புகுந்து ஆட்டத்தின் ஒழுங்கையே குலைத்தல் அப்பிழையினும் பெருங்கேடு என்பது விதி வகுத்தோர் கருத்தாதல் வேண்டும்.

இனி, அஸ்கிரிய மைதானத்துக்கு வருவோம். மலைச்சாரலிலே அமைந்து திரினிற்றிக் கல்லூரிக்கு உரியதாயுள்ள இம்மைதானம், 1983ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் திகதி தொடங்கிய அவுஸ்திரேலிய அணியுடனான ஆட்டத்தோடு டெஸ்ட் மைதானங்களின் வரிசையிற் சேர்ந்தது. 2007ஆம் ஆண்டு டிசெம்பர் வரை இங்கே 21 டெஸ்ட் போட்டிகள் நடைபெற்றன. பின்னர் அப்பெருமை பல்லேகல மைதானத்துக்கு உரியதாயிற்று.

2001ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான தொடரின் இரண்டாம் போட்டி அஸ்கிரியவில் தொடங்கியது. காலியில் நடந்த முதற் போட்டியில் இலங்கை வென்றிருந்தது. நடுவர்களாகத் தென்னாபிரிக்கரான ரூடி கோர்ட்சனும் இலங்கையரான பீ. சீ. குரேயும் நின்றனர். இலங்கை முதலில் ஆடி 297 ஓட்டங்கள் பெற்றது. மஹேல ஜயவர்தன சதமடித்தார். இங்கிலாந்து 387 ஓட்டங்கள் பெற்றது. அவற்றுள் 109 அணித்தலைவர் நாசர் ஹுசைனுடையவை. அவருடைய ஆட்டத்தின்போது, மட்டையிற் பட்டுக் காற்காப்பருகே எழுந்த பந்து பிடிக்கப்பட்டும் அவர் ஆட்டமிழக்கவில்லை எனத் தீர்ப்பான நிகழ்ச்சி ஒருமுறையன்று, இருமுறை நேர்ந்தது. இலங்கையின் இரண்டாம் ஆட்டம் தொடங்கியபோது இதனினும் வியப்பானதொன்று நிகழ்ந்தது. அணித்தலைவர் சனத் ஜயசூரிய அடித்த பந்து நிலத்திற் பட்டு எழுந்த பின்னரே ஸ்லிப்பில் நின்ற கிரகம் தோர்ப்பின் கைக்குச் சென்றது. ஆயினும் அது நேரிய பிடியெனக் கொள்ளப்பட்டு ஜயசூரிய ஆட்டமிழந்தவரானார். குமார் சங்கக்கார 95 ஓட்டங்கள் பெற்றும் இலங்கை 250 ஓட்டங்களுக்கு மேற் செல்லவில்லை. 161 ஓட்டங்கள் என்னும் இலக்கை இங்கிலாந்து 7 விக்கெட்டுகளை இழந்து எட்டிப்பிடித்தது. அடுத்துக் கொழும்பிலும் வென்று தொடரை 2-1 எனத் தனதாக்கியது.

இப்போட்டியில் இரு அணிகளுமே பிழையான தீர்ப்புகளுக்கு ஆளாயின. நாம் ஈண்டு கருதத்தக்கது பிழைகளின் தொகையன்று. அவை நேர்ந்தபோதிருந்த நிலைமையே. தொலைக்காட்சியின் மெதுவோட்டப் படம் ஒரு நிமிடத்துள் உண்மையைக் காட்டிவிட்டது. வீட்டிலிருந்த சிறுவனும் பந்து நிலத்திற் பட்டதைக் கண்டான். உலகனைத்தும் அறிந்த அவ்வுண்மையை, அறிந்தாக வேண்டிய இருவர் மட்டும் அறிதற்கு வழியில்லை. 1992ஆம் ஆண்டு நவம்பரில் டர்பன் நகரில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் ஆடிய போட்டியிலேயே தொலைக்காட்சி பார்க்கும் மூன்றாம் நடுவர் முறை தொடங்கிவிட்டது. எனினும், கள நடுவர் தாமே ஐயுற்றுக் கேட்டாலன்றி மூன்றாம் நடுவர் வாய்திறக்க இயலாது. தாம் கண்டது சரியென நம்பும் ஒருவர் ஐயுறுதல் எங்ஙனம்? ஆட்டக்காரருக்கோ கேட்கும் உரிமையே இல்லை. சினம் மேலிட்ட ஜயசூரிய ஆட்ட மேற்பார்வையாளரின் தண்டனைக்கும் ஆளாக நேர்ந்தது. பிழைக்குத் திருத்தமில்லை; பிழைபற்றிய வருத்தத்துக்குத் தண்டனை உண்டு என்பதே அன்றைய நிலை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 1994ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு டெஸ்ட் போட்டியிலும் நடுவர் இருவருள் ஒருவர் பிறநாட்டவராதல் வேண்டும் என்ற விதி நடைமுறையிலிருந்தது. சொந்த நாட்டின்மேல் உள்ள பற்று தீர்ப்பைக் கோணச் செய்யும் என்னும் அச்சமே அவ்விதிக்குக் காரணம். ஆனால், அஸ்கிரியவின் பெரும் பிழைகளுட் பல உள்நாட்டு அணிக்கே பாதகமாயின. இதனால் விளங்குவது யாது? பிழை வேறு, ஓரவஞ்சனை வேறு. நடுவரை மாற்றுவதால் ஓரவஞ்சனை நீங்கலாம். கண்ணின் குறைபாடு நீங்காது. கண்ணுக்குத் துணை வேண்டுமேயன்றிக் கண்ணுக்குரியவர்மேற் பழி கூறுதல் போதாது.

கருவியின் துணை வருதற்கு முன்பு பிழைதிருத்தத்துக்கு எஞ்சியிருந்த வழி எதிரணியின் பெருந்தன்மை ஒன்றே. முறையிட்ட அணியின் தலைவர் நடுவரின் இசைவோடு தம் முறையீட்டை மீளப்பெறலாம் என்பது விதி. 1980ஆம் ஆண்டு பெப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழாப் போட்டியில் இது மிகச் சிறப்பாக விளங்கிற்று. இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த வேளையில் பொப் டெய்லர் பிடிகொடுத்து ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பாயிற்று. பந்து மட்டையிற் படவில்லை என உணர்ந்த இந்திய அணித்தலைவர் ஜீ. ஆர். விஸ்வநாத் நடுவரிடம் சென்று முறையீட்டை மீளப்பெற்று டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயன் பொத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா 10 விக்கெட்டுகளால் தோற்றது. விஸ்வநாத்தின் புகழ் தோல்வியால் குன்றவில்லை. ஆயினும், ஒரு மனிதரின் பெருந்தன்மையை நம்பி ஒரு நீதி முறையை அமைத்தல் இயலாது. தன் அணியின் தோல்வியை விலையாகக் கொடுப்போர் எல்லாக் காலத்தும் கிடைப்பாரல்லர்.

ஒரு கணத்திற் செய்த பிழையைப் பற்றியே இதுவரை பேசினோம். ஆண்டுக்கணக்காக நீளும் பிழையும் உண்டு. கண்டியில் 1972ஆம் ஆண்டு பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரனின் வரலாறு அதற்குச் சான்று. 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்திலே அவர் பந்தை வீசவில்லை, எறிகின்றார் எனக் கொண்டு நடுவர் டெரல் ஹெயார் ஏழுமுறை முறையற்ற பந்து என அழைத்தார். முரளிதரன் மறுமுனைக்கு மாறி, நடுவர் ஸ்டீவ் டன் நின்ற பக்கத்திலிருந்து பந்துவீசினார். அங்கே ஒரு பந்தேனும் அவ்வாறு அழைக்கப்படவில்லை. அதே நாள், அதே கை. இரு கண்கள், இரு தீர்ப்புகள். 1999ஆம் ஆண்டு ஜனவரியில் அடிலெயிட்டில் நடுவர் ரொஸ் எமர்சன் அவ்வாறே அழைத்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியினரை எல்லைக்கோட்டருகே அழைத்துச் சென்று நின்றார், ஆட்டம் தடைப்பட்டது.

உடலியக்க ஆய்வாளர் முரளிதரனின் கையை அளந்து நோக்கினர். பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கையும் மிகையாகச் சுழலும் மணிக்கட்டும் சேர்ந்து, எறிவது போன்ற தோற்றத்தைத் தருகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னர் பந்துவீச்சாளர் பலரையும் அளந்தபோது, குற்றமற்றவர் என யாவரும் கருதியிருந்த விரைவுப் பந்துவீச்சாளர் பலரும் பந்தை விடுகையில் முழங்கையை ஓரளவு நிமிர்த்துகின்றனர் என்பது வெளியாயிற்று. எறிதலேயில்லை என்று எண்ணியிருந்த இடத்தில் அளவின் வேறுபாடே இருந்தது. சுழற்பந்துக்கு 5 பாகை, மிதவேகப் பந்துக்கு 7.5 பாகை, விரைவுப் பந்துக்கு 10 பாகை என முன்னிருந்த எல்லைகள் நீக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டு மார்ச் முதல் யாவருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வந்தது. ஒருவருக்காக விதி வளைக்கப்பட்டது என்று குறைகூறினோரும் உளர். ஆயினும், கண்ணாற் காணமுடியாத ஒன்றைக் கண்ணால் தீர்க்கச் சொன்னதே முன்னைய விதியின் குறை; அங்கே பிழை ஹெயாருடையதா, முரளிதரனுடையதா என்று வாதிடுவதினும் விதியினுடையது என்று கொள்ளுதலே பொருந்தும். 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தித் தமது 709ஆவது விக்கெட்டைப் பெற்று, ஷேன் வோர்னின் 708 என்ற உலக சாதனையை முரளிதரன் கடந்தார். அது நிகழ்ந்த இடமும் அஸ்கிரியவே. அம்மைதானத்தில் ஆடப்பட்ட கடைசி டெஸ்ட் போட்டியும் அதுவே.

பிற ஆட்டங்கள் இவ்வினாவை எங்ஙனம் எதிர்கொண்டன என்பதையும் ஒப்புநோக்குதல் தகும். நம் கல்லூரிகளில் ஆடப்படும் கூடைப்பந்தாட்டம் இவ்வகையில் தெளிவானதொரு முறையை வகுத்துள்ளது. மத்தியஸ்தரின் பிழைகளை அது இருவகையாகப் பிரிக்கின்றது. ஒருவர் மற்றவரை இடித்தாரா இல்லையா என்பது போன்ற கணிப்பு ஒருவகை. பொதுவாக அது மீள ஆராயப்படுவதில்லை. உரிய தனி எறிதலைக் கொடாது விடுதல், உரித்தல்லாத தனி எறிதலைக் கொடுத்தல், எறியவேண்டியவர் இருக்க வேறொருவரை எறியவிடுதல், புள்ளிகளைத் தவறாகக் கூட்டுதல் அல்லது நீக்குதல் என்பன மற்றொரு வகை. இவை விதியைச் செயற்படுத்துவதில் நேர்ந்த பிழைகளாதலின் திருத்தத்தக்கன. ஆனால் அதற்குக் காலவரையறை உண்டு. பிழை நேர்ந்து கடிகாரம் மீண்டும் ஓடத்தொடங்கிய பின், முதன்முறை ஆட்டம் நின்று மறுபடி பந்து உயிர்பெறுவதற்குள் அப்பிழை கண்டறியப்படுதல் வேண்டும். அந்த எல்லை கடந்தபின் பிழையும் ஆட்டத்தின் பகுதியாகிவிடும்.

இம்முறைமை மீறப்படின் விளைவு யாது என்பதை 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டம் காட்டுகின்றது. மூன்று விநாடிகள் எஞ்சியிருக்க அமெரிக்கா 50-49 என முன்னின்றது. சோவியத் அணி கேட்ட இடைவேளை வழங்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. அனைத்துலகக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து, கடிகாரத்தில் மூன்று விநாடிகளை மீள வைக்குமாறு பணித்தார். ஆட்டத்தின் நடுவே அவ்வாறு பணிக்க விதிகள் அவருக்கு அதிகாரம் அளிக்கவில்லை. கடிகாரம் சரிவர அமைக்கப்படாமையால் அந்த மூன்று விநாடிகள் மீண்டும் ஒருமுறை ஆடப்பட்டன. அலெக்சாந்தர் பெலோவ் பந்தைக் கூடையிலிட, சோவியத் அணி 51-50 என வென்றது. அமெரிக்க அணியின் முறையீடு 3-2 என்ற வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது. மத்தியஸ்தர் ரெனாத்தோ ரிகெத்தோ ஆட்டப் பதிவேட்டில் கையொப்பமிட மறுத்தார். அமெரிக்கர் வெள்ளிப் பதக்கங்களை ஏற்கவில்லை. முதற் பிழை உண்மையாகவே நேர்ந்திருக்கலாம். எனினும், உரிமையற்றவரால் முறையின்றிச் செய்யப்படும் திருத்தம் திருத்தமாகாது. அது மற்றொரு பிழையாகவே எண்ணப்படும்.

அஸ்கிரியவின் மனக்குறைக்கு விடைதேடும் முயற்சிகளுள் முக்கியமான இரண்டு இலங்கை மண்ணிலேயே நிகழ்ந்தன. 2002ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் நடந்த சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகளில், கள நடுவர் காற்காப்பிற் பந்து படும் எல்.பி.டபிள்யூ. முறையீடுகளையும் மூன்றாம் நடுவரிடம் கேட்கலாம் எனச் சோதனையாக விடப்பட்டது. அவ்வாறு ஆட்டமிழந்த முதல்வர் பாகிஸ்தானின் சுஐப் மாலிக். ஆனால், அங்கும் கேட்கும் உரிமை நடுவரிடமே இருந்தது. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் சிட்னியில் ஆடிய போட்டியின் நடுவர் பிழைகள் பெரும் பூசலை விளைத்தன. அவ்வாண்டு ஜூலை 23ஆம் திகதி கொழும்பு எஸ். எஸ். சீ. மைதானத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே தொடங்கிய டெஸ்ட் போட்டியில், மறுபரிசீலனை கேட்கும் உரிமை முதன்முறையாக ஆட்டக்காரருக்கு வழங்கப்பட்டது. முதலில் அதனாற் பயன் பெற்றவர் திலகரத்ன டில்ஷான். அதனால் ஆட்டமிழந்த முதல்வர் வீரேந்தர் சேவாக். 2009ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி டனீடினில் தொடங்கிய நியூசிலாந்து-பாகிஸ்தான் போட்டியோடு இம்முறை அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது.

இம்முறையின் அமைப்பை ஆராய்ந்தால், பழைய விதிகளின் அறிவு முற்றாகக் கைவிடப்படவில்லை என்பது புலனாகும். மறுபரிசீலனை கேட்கும் வாய்ப்புக்கு எண்ணிக்கை வரையறை உண்டு. ஓர் இன்னிங்ஸில் மூன்று முறை பிழையாகக் கேட்கலாம் என்றே கொழும்பிற் தொடங்கிற்று. முறையீடு எளிதிற் கிடைப்பின் அதன் மதிப்புக் குறையும் என்பது இதன் கருத்து. கேட்பதற்குச் சில விநாடிகளே உண்டு. 'உடனடியாக' என்ற பழைய சொல் ஈண்டு புதுவடிவில் வாழ்கின்றது. அன்றியும், பந்து விக்கெட்டின் விளிம்பை மட்டும் தொடும் எனக் கருவி கணிக்குமாயின், அது ஐயத்துக்குரிய எல்லையெனக் கொள்ளப்பட்டுக் கள நடுவரின் முதல் தீர்ப்பே நிலைபெறும். ஆகவே, கருவி நடுவரின் ஆசனத்தைப் பறிக்கவில்லை. வெளிப்படையான பிழையிலிருந்து அவரைக் காக்கின்றது. அஸ்கிரியவில் நின்ற நடுவருக்கு இல்லாதிருந்த பாதுகாப்பு இதுவே.

இத்தனை கருவிகளும் நம் கல்லூரி மைதானங்களுக்கு வருவனவல்ல. அங்கே நடுவராக நிற்பவர் ஓர் ஆசிரியராகவோ பழைய மாணவராகவோ இருப்பார். அவருக்குத் துணை அவர் கண்ணும் மறுமுனையில் நிற்கும் துணைவருமே. அவருக்கும் இவ்வரலாறு சில நெறிகளைக் கூறுகின்றது. ஐயம் எழுந்தால் தீர்ப்புக்கு முன்னரே துணைவரைக் கேட்டல் இழுக்காகாது. பிழையென உடனே உணர்ந்தால் உடனே மாற்றி, இரு அணித்தலைவருக்கும் புள்ளி பதிவோருக்கும் காரணத்தைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். எல்லை கடந்தபின் உணர்ந்தால் வாளாவிருத்தலே முறை. முன்னர் ஓர் அணிக்குப் பிழை செய்துவிட்டோமே என்று இரங்கி, பின்னர் அதே அணிக்குச் சார்பாக ஒரு தீர்ப்பை வலிந்து வழங்குதல் எல்லாவற்றினும் தீது. முதலாவது கண்ணின் பிழை. இரண்டாவது மனத்தின் கோணல். ஒரு பிழையோடு இன்னொன்றைக் கூட்டினால் இரண்டு பிழைகளாகுமேயன்றி நேர்மையாகாது.

ஆட்டக்காரரும் அறியவேண்டியது ஒன்றுண்டு. முறையோடு கேட்டல் உரிமை. முறையின்றி வாதிடல் ஒழுங்கீனம். கேட்கும் முறை இல்லாத இடத்தில் அதனை உண்டாக்குவதற்கு முயல வேண்டும். அஸ்கிரியவுக்குப் பின்வந்த ஏழாண்டுகளில் உலகக் கிரிக்கெட் செய்தது அதுவே. பிழையே செய்யாத நடுவரை எக்காலத்தும் காணமுடியாது. பிழை செய்தவர் அதனைத் தாழ்வின்றித் திருத்திக்கொள்ளவும், திருத்தலாகாத பிழையை இரு அணியினரும் பொறுத்து ஆட்டத்தைத் தொடரவும் ஏற்ற விதிகளை ஆக்குதலே மனிதரால் இயல்வது.